விசில் சத்தம் எட்டாத தூரம்

காலை நல்லா நீட்டிக்கங்க சார். அந்த வாழைப்பழக் கூடையத் தள்ளி விட்டுடுங்க, பரவாயில்லை. உங்க சைக்கிளை மேல கட்டியாச்சு. ஒரு கீறல் படாது, அதுக்கு நான் பொறுப்பு. கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டதுக்கு எதுக்கு இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறீங்க. கோயமுத்தூர்ல ஏறி உக்காந்து கொடைரோடு தாண்டி மிதிச்சு வந்திருக்கறீங்க, சும்மாவா. போன வருஷம் நான் இந்த வேன்ல ஏறுன லட்சணத்தைப் பார்த்திருந்தீங்கன்னா உங்களுக்கு இப்பவே பாதி வலி போயிருக்கும்.

சொல்றனுங்க. மதுரை வர்றதுக்கு இன்னும் நேரம் கிடக்குது.

எம்பேரு வெள்ளியங்கிரி. சிங்காநல்லூர்ல மோட்டார் பம்புக் கடை. அரை எச்.பி. மோட்டார் வாங்க வர்றவருக்கு நான் மோட்டாரை மட்டும் குடுத்து அனுப்ப மாட்டேன். கிணறு எவ்வளவு ஆழம், பைப்பு என்ன சைஸ், எந்த நேரத்துல போடணும், எந்த நேரத்துல நிறுத்தணும், எல்லாம் சொல்லித்தான் அனுப்புவேன். சில பேரு பாதியிலயே அவசரமாக் கிளம்பிடுவாங்க. அவங்க மோட்டார்தான் சீக்கிரம் சுட்டுப் போகும்.

எனக்கு ஒரே பொண்ணு, சிந்துஜா. அப்ப பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. முந்தின வருஷம் தீபாவளிக்கு வந்தவ, ஜெர்மனிக்கு மாத்தல் ஆயிருக்குது, மார்ச் மாசம் கிளம்பறேன்னா. எனக்குப் பெருமைதான். அவங்கம்மா அடுப்படிக்குள்ள போயிட்டா. எம்பட சம்சாரம் எப்பவும் அதிகம் பேசறவ இல்லீங்க. பேரு ருக்மணி. அவளுக்கும் சேர்த்து நான் பேசிடறதுனால அவளுக்கு அந்தச் சிரமம் இருந்ததில்லை.

அப்பறம் சிந்து சொன்னா, "அப்பா, நான் போறதுக்குள்ள நாம மூணு பேரும் சேர்ந்து ஒரு காரியம் பண்ணணும்." நான் திருப்பதின்னு நினைச்சேன். அவ போனை நீட்டுறா, பார்த்தா இந்த சைக்கிள் பயணம். தை மாசம், கோயமுத்தூர்ல இருந்து தனுஷ்கோடி, நாலு நாளு. நம்ம மருதாசலம் சார் வருஷா வருஷம் நடத்தறாரே, அதுதான். அதுல குடும்பமாச் சேர்றதுன்னு ஒரு பிரிவு. குடும்பத்துல பேரு குடுத்த அத்தனை பேரும் கடைசி வரைக்கும் மிதிச்சே வந்து சேர்ந்தாத்தான் கேடயம். ஒருத்தர் வேன்ல ஏறிட்டாலும் கிடையாது.

டாக்டரும் அப்பத்தான் சர்க்கரை ஏறிப் போச்சு, உடம்பை அசைக்கணும்னு சொல்லியிருந்தாரு. அதனால நான் உடனே சரின்னுட்டேன். எனக்கு ஒரே கவலை ருக்மணிதான். மாடித் தொட்டியில தண்ணி பார்த்துட்டு வந்தாலே மூச்சு வாங்கறவ. இவ எங்க தனுஷ்கோடி போறது. கேடயம் போச்சுன்னா இவளாலதான் போகும்னு அன்னிக்கே கணக்குப் போட்டுட்டேன். வெளிய சொல்லலை. எனக்கும் நாகரிகம் இருக்குதில்லீங்க.

நமக்குச் சாமான் சரியா இருக்கணும். இறகு மாதிரி லேசா ஒரு சைக்கிள் வாங்குனேன். கையில ஒரு வாட்ச்சு, நாடித் துடிப்பெல்லாம் காட்டும். தலைக்கு ஒண்ணு, கண்ணுக்கு ஒண்ணு. பெடல்ல 'டக்'குன்னு மாட்டிக்கற பூட்ஸு. அப்பறம் ஒரு விசிலு. அதுதான் என்னோட சொந்த யோசனை. மூணு பேரு வண்டி ஓட்டிட்டுப் போறப்ப கட்டுப்பாடு வேணும். ஒரு தடவை ஊதுனா நில்லு, ரெண்டு தடவை ஊதுனா கிளம்பு, நீளமா ஊதுனா தண்ணி குடி. வீட்ல வச்சு ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுத்தேன். சிந்து சிரிச்சா. ருக்மணி தலையாட்டுனா.

அவளுக்குப் புதுசு வாங்கலீங்க. சிந்துவோட பழைய சைக்கிள் மாடிப்படிக்குக் கீழ கிடந்துச்சு, அதுவே அவளுக்குப் போதும்னு துடைச்சுக் குடுத்தேன். காலையில நான் திருச்சி ரோட்டுல ஓட்டிப் பழகுவேன். "நீயும் வா"ன்னு கூப்பிடுவேன். "டிபன் வேலை இருக்குது, நீங்க போங்க"ம்பா. மார்கழி பூரா விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு எங்கயோ போயிட்டு வருவா. வாசல்ல கோலம் ஈரமா இருக்கும், ஆளு இருக்காது. மார்கழி மாசமாச்சே, கோயிலுக்குப் போறான்னு இருந்துட்டேன். அந்தப் பழைய சைக்கிளை எடுத்துட்டுக் குளத்துக் கரையைச் சுத்திச் சுத்தி ஓட்டிப் பழகியிருக்கறான்னு எனக்குத் தெரிஞ்சது எப்ப தெரியுங்களா. மானாமதுரையில. அதுவும் மருதாசலம் சார் சொல்லித்தான். அதுக்கு அப்பறம் வர்றேன்.

மொத நாளு. வ.உ.சி. மைதானத்துக்கிட்ட இருந்து கிளம்புறோம். ஏகப்பட்ட கூட்டம். எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. நான் சைக்கிளைத்தான் பார்க்கறாங்கன்னு நெஞ்சை நிமித்திட்டு நின்னேன். சிந்து பக்கத்துல வந்து காதுல சொல்றா, "அப்பா, டவுசரைத் திருப்பிப் போட்டிருக்கறீங்க." உங்களுக்குத் தெரியுமில்ல, உக்கார்ற எடத்துல பஞ்சு வச்சுத் தச்ச டவுசர். அந்தப் பஞ்சு எனக்கு முன்னால இருந்துச்சு. நான் எங்க போயி மாத்தறதுங்க. ஆயிரம் பேரு முன்னால பொம்பளையாளுங்க இருக்கற எடத்துல. சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு அப்படியே ஏறி உக்காந்தேன். பொள்ளாச்சி வரைக்கும் அப்படித்தான். அந்தச் சீட்டு மேல வெறுமனே பொள்ளாச்சி வரைக்கும் உக்காந்து போனா மனுசன் என்ன ஆவான்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதோட நான் விசிலை விடலீங்க. உடுமலை தாண்டிப் பழனி ரோட்டுல பாதயாத்திரைக் கூட்டம். பச்சையும் காவியுமா சாரி சாரியாப் போறாங்க. நான் ஊதுனா அவங்க ஒதுங்கி வழி விடறாங்க. எனக்கு சந்தோசம் தாங்கலை. ஒரு எடத்துல நீளமா ஊதிட்டு, "ருக்கு, தண்ணி குடி"ன்னு சத்தம் போட்டேன். ரோட்டோரம் உக்காந்து காலுக்கு எண்ணெய் தேய்ச்சுட்டிருந்த ஒரு அம்மா, "ஏனுங்க, யாருக்கு ஊதறீங்க"ன்னு கேட்டாங்க. திரும்பிப் பார்த்தா பின்னால ஒருத்தருமில்லை. சிந்து முன்னாலயே பறந்துட்டா. ருக்மணி கண்ணுக்கெட்டின தூரத்துக்கு இல்லை.

பாவம், பின்தங்கிட்டா, அவளால முடியலைன்னு நினைச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரம் நின்னும் பார்த்தேன். அப்பறம், நான் நின்னா எனக்கு உடம்பு விட்டுப் போகும்னு கிளம்பிட்டேன்.

பழனியில மண்டபத்துல நான் ரெண்டு காலையும் செவுத்துல தூக்கி வச்சுட்டுப் படுத்துக் கிடக்கறேன். எல்லாரும் குளிச்சுச் சாப்பிட்டு முடிச்சப்பறம் கடைசி ஆளா ருக்மணி வந்தா. நெத்தியில திருநீறு. வழியில பாதயாத்திரைக்காரங்க பந்தல்ல சாப்பிட்டாளாம். உடுமலைப் பொம்பளைங்க நாலு பேரு பழக்கமாம். அவங்க வீட்டுக் கதையெல்லாம் சொல்றா. இத்தனை பேச்சு இவளுக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கே ஆச்சரியம். வெயில்ல வந்த மயக்கமா இருக்கும்னு உப்பு சர்க்கரைத் தண்ணி கலக்கிக் குடுத்தேன். வாங்கி வச்சுக்கிட்டா. குடிச்சாளான்னு தெரியலை.

ரெண்டாம் நாளு, இதே ரோடுதான். திண்டுக்கல் ஊருக்குள்ள சிக்னல்ல நின்னேன். அதாவது சைக்கிள் நின்னுச்சு. நான் பூட்ஸைக் கழட்ட மறந்துட்டேன். அது பெடல்ல மாட்டியிருக்குது, கால் கீழ வர மாட்டேங்குது. வெட்டுன மரம் மாதிரிக் கூட இல்லீங்க, அதுவாவது பட்டுனு விழும். நான் மெதுவாச் சாயறேன். பக்கத்துல ஒரு பஸ். ஜன்னலோரம் இருந்த அத்தனை பேரும் நான் சாயறதை நிதானமாப் பார்த்தாங்க. நானும் அவங்களைப் பார்த்துக்கிட்டேதான் சாஞ்சேன். விழுந்த பொறவும் கால் கழலலை. கண்டக்டர் இறங்கி வந்து காலை உருவி விட்டுட்டு, "பெரியவரே, பஸ்ஸு மதுரைதான் போகுது, ஏறிக்கிறீங்களா"ன்னாரு. எனக்கு ஐம்பத்தி நாலு வயசுங்க. பெரியவராம்.

அந்த எரிச்சலோடயேதான் மதுரைக்கு வந்தேன். ருக்மணி அன்னிக்கும் கடைசி. அன்னிக்கும் சிரிச்ச மூஞ்சி. எனக்கு மனசுக்குள்ள ஒரு பயம். நாளைக்கு ராமநாதபுரம், எதிர்க்காத்துன்னு சொல்றாங்க. இவ நடு ரோட்டுல விழுந்து வச்சா என்ன பண்றது. நேரா மருதாசலம் சார்கிட்டப் போனேன். "சார், எங்க வீட்ல நாளைக்குத் தாங்க மாட்டா. வேன்ல ஒரு சீட்டு எடுத்து வச்சிருங்க"ன்னேன். அவரு ஒரு மாதிரிப் பார்த்தாரு. "மேடம் கேட்டாங்களா"ன்னாரு. "அவளுக்குக் கேக்கத் தெரியாதுங்க, நான்தான் பார்த்துக்கணும்"னேன். நியாயந்தானுங்களே. வீட்டு ஆம்பளை இதைக் கூட யோசிக்கலைன்னா எப்படி.

காலையில கிளம்பறப்ப, எல்லாரும் வரிசையா நிக்கறாங்க. மருதாசலம் சார் இதை யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கலாம். அங்க உதவிக்கு இருந்த ஒரு ஆளு மைக்கைப் பிடிச்சு, "ருக்மணி மேடம், உங்களுக்கு வேன்ல சீட் போட்டாச்சு, உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரு"ன்னு ஊருக்கே கேக்கற மாதிரிச் சொல்லிட்டான். சீட்டு மேல வெள்ளைப் பேப்பர்ல பேரு வேற எழுதி ஒட்டியிருக்கறாங்க.

ருக்மணி என்னைத் திரும்பிப் பார்த்தா. திட்டலை. கண்ணு கலங்கலை. ஹெல்மெட் வாரை மாட்டிக்கிட்டு, சைக்கிள்ல ஏறி, கொடியசைக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா. சிந்துதான் எங்கிட்ட வந்தா. "அப்பா, அம்மா ரெண்டு நாளும் குடுத்த நேரத்துக்குள்ளதானே வந்தாங்க. உங்களுக்கு யாரு இந்த வேலையக் குடுத்தது." அவ அப்படிக் கேட்டவளே இல்லை. "காத்து ஜாஸ்தியா இருக்கும் கண்ணு"ன்னேன்.

காத்து ஜாஸ்தியாத்தான் இருந்துச்சு. அதுல மட்டும் நான் சொன்னது பலிச்சுது. மானாமதுரை வரைக்கும் ஏதோ வந்துட்டேன். அங்க தண்ணி குடிக்கற எடத்துல மருதாசலம் சார் நின்னுட்டிருந்தாரு. "மேடம் இப்பத்தான் போறாங்க, நல்லா பழகியிருக்காங்க சார், மார்கழி பூரா குளத்துக்கரையில ஓட்டுனாங்களாமே"ன்னாரு. அவ இன்னும் எனக்கு முன்னால போறா. மூணு நாள்ல மொத தடவையா எனக்கு முன்னால போறா. எங்கிட்டச் சொல்லாம ஓட்டிப் பழகியிருக்கறா. வேற ஒருத்தருக்குத் தெரியுது, எனக்குத் தெரியலை.

பிடிச்சே ஆகணும்னு மிதிச்சேன். பரமக்குடி தாண்டி ரெண்டு பக்கமும் கருவேலங்காடு. அந்தக் காத்து இருக்குது பாருங்க, நெஞ்சுல கை வச்சு ஒருத்தன் தள்ளற மாதிரி. நான் மிதிக்கறேன், ரோடு நகர மாட்டேங்குது. ஒரு ஆட்டுக்குட்டி என் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்துச்சு. நடந்துங்க, ஓடலை. அப்பறம் அதுக்கே சலிச்சுப் போயி மேயப் போயிருச்சு. வாட்ச்சு ஏதோ சத்தம் போடுது. கண்ணு இருட்டிட்டு வருது. ஒரு கருவ மரத்து நிழல்ல சைக்கிளோட உக்காந்தவன்தான். எந்திரிக்க முடியலை.

எவ்வளவு நேரமோ தெரியலை. இந்த வேன் வந்து நின்னுச்சு. அப்ப ஓட்டுனது சேவியர்னு ஒருத்தரு, பாம்பன்காரரு. கையப் பிடிச்சுத் தூக்கி ஏத்தி விட்டாரு. உள்ள எல்லாச் சீட்டுலயும் பழம், தண்ணி, டயரு. ஒரே ஒரு சீட்டுதான் காலி. பேப்பர்ல 'ருக்மணி'ன்னு எழுதி ஒட்டுன சீட்டு.

அதுல உக்காந்தேன்.

சிரிங்க, சிரிங்க. சேவியரும் சிரிச்சாரு. நான் அந்தப் பேப்பரைக் கிழிச்சிருக்கலாம். கிழிக்கத் தெம்பில்லை.

கேடயம் போச்சுங்க. அதை விடுங்க. வேன் கொஞ்ச தூரம் போனதும் முன்னால ஒரு சைக்கிள். ஒவ்வொருத்தரா அவளைத் தாண்டிப் போயிட்டாங்க போல, மறுபடியும் கடைசி ஆளு அவதான். ருக்மணி. கடைசி வேனோட சட்டம் உங்களுக்குத் தெரியுமில்ல, கடைசி ஆளைத் தாண்டப்படாது. சேவியர் ரெண்டாவது கியருக்கு வந்துட்டாரு. நான் ஜன்னல் வழியா அவ முதுகைப் பார்த்துட்டு வர்றேன். இருபத்தியாறு வருஷத்துல அவ முதுகை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லீங்க. எப்பவும் நான்தானே முன்னால போவேன். சின்ன முதுகு. ஒரே சீரா மிதிக்கறா. காத்து அடிக்கறப்ப தலையைக் குனிஞ்சுக்கறா, விட்டதும் நிமிந்துக்கறா. அவ்வளவுதான் அவ வித்தை.

பார்த்துட்டு சும்மா வர முடியுங்களா. அவ தப்பான கியர்ல போறா. நான் தலையை வெளிய நீட்டி, "ருக்கு, கியரை மாத்து"ன்னேன். காதுல வாங்கலை. "இடது பக்கம் ஒதுங்கு"ன்னேன். "தண்ணி குடி"ன்னேன். கழுத்துல விசில் தொங்குச்சு. நீளமா ஒண்ணு ஊதுனேன்.

அவ நின்னுட்டா. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு வேன்கிட்ட நடந்து வந்தா. மூஞ்சியெல்லாம் உப்புப் பூத்திருக்குது. ஜன்னல்கிட்ட வந்து, சத்தமே போடாமத்தான் கேட்டா.

"மூணு நாளா நான் எதுக்குப் பின்னால வந்தேன்னு நினைக்கறீங்க?"

"முடியாம வந்தே"ன்னேன்.

"மொத நாளு பொள்ளாச்சிக்கு முன்னாலயே உங்களைத் தாண்டிப் போயிருப்பேன். உங்க விசில் சத்தம் எட்டாத தூரம் எதுன்னு பார்த்துப் பார்த்து வந்தேன். அந்தத் தூரத்துல வந்தப்ப ரோட்ல குருவி கத்தறது கூட எனக்குக் கேட்டுச்சு. இன்னிக்குக் கோவத்துல முன்னால போனேன், நீங்க இப்ப வேன் பிடிச்சு வந்து ஊதறீங்க."

சொல்லிட்டுப் போயி சைக்கிள்ல ஏறிட்டா. சேவியர் ஒண்ணும் கேக்காதவரு மாதிரி ரேடியோவைத் திருகுனாரு. அது ஓடலை. எனக்கு என்ன தோணுச்சுன்னா, வெயில்தான். பரமக்குடி வெயில்ல யாரா இருந்தாலும் கொஞ்சம் ஏறுமாறாப் பேசத்தான் செய்வாங்க. சாயங்காலம் சரியாப் போகும்னு இருந்துட்டேன். ஆனா விசிலைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டேன். ஏன் போட்டேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

ராமநாதபுரத்துல சிந்து என்னைப் பார்த்ததும் கேடயத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. "அப்பா, கால் எப்படியிருக்குது"ன்னா. அதுதான் எனக்குத் தாங்கலீங்க. திட்டியிருந்தா பதிலுக்கு நாலு காரணம் சொல்லியிருப்பேன், தயாரா வச்சிருந்தேன். அவ பக்கத்துல உக்காந்து காலுக்கு மருந்து தேய்ச்சு விட்டா. "கேடயம் போனாப் போகுது. நாளைக்கு எங்களோட ஓட்டறீங்களா"ன்னா. மார்ச் மாசம் போற பொண்ணு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது.

நாலாம் நாளு பாம்பன் பாலத்துக்கிட்ட வந்தப்ப காத்து முந்தின நாளை விட மோசம். பக்கவாட்டுல அடிக்குது. ஏறி ஓட்டுனா சைக்கிளோட கடல்ல தள்ளிரும். மருதாசலம் சார் எல்லாரையும் இறங்கச் சொல்லிட்டாரு. "உருட்டிட்டு நடக்கறவங்க நடக்கலாம், வேணாங்கறவங்க வேன்ல வாங்க"ன்னாரு. சிந்து அவ கூட்டாளிகளோட முன்னால போயிட்டா. ருக்மணி சைக்கிளைப் பிடிச்சுட்டு நடக்க ஆரம்பிச்சா. நானும் அவ பக்கத்துல போயி, காத்து அடிக்கற பக்கமா நின்னுக்கிட்டேன். அவளுக்கு மறைப்பா இருக்கட்டும்னு. என்னளவுக்கு அகலம் இருந்தா எதுக்காவது உதவணுமில்லீங்க.

நடுப்பாலத்துல ஒரு காத்து அடிச்சுது பாருங்க, எம்பட சைக்கிள் தரையை விட்டு எந்திரிச்சுருச்சு, பிடிச்சிருந்த நானும் அது கூடவே சாஞ்சேன். இறகு மாதிரி லேசு சைக்கிள்னு காசு குடுத்து வாங்குனதாச்சே, பறக்கத்தானே செய்யும். ருக்மணி ஒரு கையில அவ சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால என் சட்டையக் கொத்தாப் பிடிச்சு இழுத்து நிறுத்துனா. அந்தப் பிடியை அவ விடலை. நான் அவளுக்கு மறைப்பு, அவ எனக்கு ஆணி. அப்படியே நடந்தோம்.

கொஞ்ச தூரம் போனதும் அவளாப் பேசுனா. முன்னால பார்த்துக்கிட்டேதான் பேசுனா.

"சிந்து போயிட்டா வீட்ல நாம ரெண்டு பேருதான்."

"ஆமா"ன்னேன்.

"அவ இருக்கற வரைக்கும் நீங்க பேசறதுல பாதி அவளுக்குப் போகும். இனி முழுசும் எனக்குத்தான். காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும். அதை நினைச்சா எனக்குப் பயமா இருக்குதுங்க. அவ போறதை விட அதுதான் பயமா இருக்குது."

நான், "என்ன சொன்னே, காத்துல ஒண்ணும் கேக்கலை"ன்னேன்.

அவ மறுபடி சொல்லலை. "ஒண்ணுமில்லை, நடங்க"ன்னா.

கேட்டுச்சுங்க. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு.

கீழ கடலு ரெண்டு நிறமா இருந்துச்சு. பாலம் முடியற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசலை. பேசாம நடந்தா அவ்வளவு நீளமான பாலமுங்க அது. அவ ரெண்டு மூணு தடவை திரும்பி என்னைப் பார்த்தா. உடம்புக்கு ஏதும் ஆயிருச்சோன்னு நினைச்சிருப்பா.

தனுஷ்கோடி முனையில எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அவளுக்கு ஒரு பதக்கம் போட்டாங்க. எனக்கு ஒரு துண்டு போத்துனாங்க, துடைச்சுக்க. சிந்து அவங்கம்மாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அழுதா. நான் பக்கத்துல நின்னு, மணல்ல சைக்கிளைச் சாய்க்கப்படாது, செயின் போயிரும்னு சொல்ல வாயெடுத்து, சொல்லாம விட்டேன். எனக்கு அது பெரிய காரியமுங்க.

மார்ச்ல சிந்து போயிட்டா. வீடு கப்சிப். நானும் வீட்ல பேச்சைக் குறைச்சுட்டேன். சரி, கொஞ்சம் குறைச்சுட்டேன். குறைச்சதெல்லாம் கடையில சேர்ந்து போச்சு, வாடிக்கையாளர்தான் பாவம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா ரெண்டு பேரும் உக்காந்து காப்பி குடிப்போம். முன்னெல்லாம் நான் பேசப் பேச அவ டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிடுவா. இப்ப நான் சும்மா இருக்கறனா, அவ போறதில்லை. ஒரு நாளு அவளாவே பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னா. அதுல நாலு விசயம் எனக்குத் திருத்தத் தோணுச்சு. காப்பிய வாயில வச்சுக்கிட்டேன்.

ஐப்பசியில ஒரு நாளு, "இந்த வருஷமும் நான் தனுஷ்கோடி போறேன்"ன்னா. "நானும் வரட்டுமா"ன்னு கேட்டேன். கேட்டனுங்க, வர்றேன்னு சொல்லலை. அவ யோசிச்சா. அப்பறம், "சேவியருக்கு இடுப்பு வலியாம், வேன் ஓட்ட மருதாசலம் சார் ஆளு தேடறாரு"ன்னா. அப்பறம்தான் மருதாசலம் சாரே கூப்பிட்டாரு. அவருக்கும் அனுபவசாலி ஒருத்தரு வேணுமில்லீங்க. இந்த ரோட்டுல எங்க எங்க விழலாம்னு என்னை விட யாருக்குத் தெரியும்.

வேன்ல உக்காந்துட்டு வாயை வச்சுட்டு சும்மா வர்றது கஷ்டந்தான். அதுக்குத்தான் உங்களை மாதிரி ஒருத்தரு ஏறுனா எனக்கு விசேஷமா இருக்குது. பழனியில இருந்து இங்க வரைக்கும் நான் யார்கிட்டயும் பேசலை.

அந்தா, முன்னால தெரியுது பாருங்க, ஊதாச் சட்டை. உங்களை ஏத்தறதுக்கு நின்னதுல கொஞ்சம் தூரம் போயிட்டா. இல்லீங்க, ஹாரன் அடிக்கறதில்லை. பின்னால வந்துட்டோம்னு அவளுக்கே தெரியும், இந்த வேன் சத்தம் அவளுக்கு அத்துப்படி. நான் இப்படியே ரெண்டாவது கியர்ல போட்டுக்குவேன். கியரு இன்னிக்கும் தப்புதான் வச்சிருக்கறா. போகட்டும்.

இடது கையைக் கீழ நீட்டிக் காட்டறா பாருங்க. அது ஒண்ணுமில்லை, ரோட்ல பள்ளம் இருந்தா பின்னால வர்ற சைக்கிளுக்குக் காட்டிட்டுப் போகணும், எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கறாங்க.

அவளுக்குப் பின்னால சைக்கிள் ஒண்ணும் வரலீங்க. நாமதான் வர்றோம்.

கெட்டியாப் பிடிச்சுக்கங்க சார், பள்ளம் வருது. இனி மதுரை வரைக்கும் நான் பேச மாட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க.